மலாவி ஏரி மீனும் மாநகராட்சித் தண்ணீரும்

மும்பையில் வீட்டில் மீன் தொட்டி வைப்பது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 1951-ஆம் ஆண்டு மெரைன் டிரைவில் தாராபோர்வாலா மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கேட்வே ஆஃப் இந்தியா, தொங்கும் தோட்டம், அடுத்து தாராபோர்வாலா என்று அழைத்துப் போவது நம்மவர் வழக்கமாக இருந்தது. அந்தக் காட்சியகம் 2015-இல் புதுப்பிக்கப்பட்டு, பின்னர் கட்டடம் பழுதடைந்ததால் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது வளர்த்துவிட்ட ஆசை மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

இப்போது கிராஃபோர்ட் மார்க்கெட் மீன் கடைகளில் பிள்ளைகள் முதலில் கைகாட்டுவது ஆப்பிரிக்கன் சிக்லிட் மீன்களைத்தான். எலுமிச்சை மஞ்சள், மின்னும் நீலம், ஆரஞ்சு, கறுப்புக் கோடு என்று கடல் மீனுக்கு நிகரான வண்ணம். ஆனால் வளர்ப்பதற்குக் கடல் நீர் தேவையில்லை. ஆசையாக வாங்கி வருகிறோம். ஒரு மாதத்தில் ஒன்று மிதக்கிறது, இரண்டு மாதத்தில் தொட்டி காலி. "நம்ம வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிட, கண்ணாடித் தொட்டி பரணுக்கு ஏறிவிடுகிறது. குழந்தையின் முகம் வாடியதுதான் மிச்சம்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோளாறு தண்ணீரில் இருக்கிறது. நம் ஏரித் தண்ணீருக்கும் இந்த மீன்களின் பிறந்த ஊர்த் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் இவற்றை எட்டுப் பத்து ஆண்டுகள் கூட வளர்க்கலாம். ரயில்வேயில் தண்ணீர், எடை, அழுத்தம் ஆகியவற்றோடு பழகியவன் என்ற முறையில் அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

இவை நமக்கு அந்நியமா?

சிக்லிட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் நம் ஊர்க் குளத்து ஜிலேபிக் கெண்டை ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். மொசாம்பிக் திலாப்பியா என்னும் அந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கேரளத்தார் வாழையிலையில் பொரிக்கும் கரிமீனும் சிக்லிட் குடும்பமே. அது நம் நாட்டில் இயற்கையாகவே வாழ்வது. அதன் நெருங்கிய உறவினர்கள் கடல் கடந்து மடகாஸ்கர் தீவிலும் இருப்பதாக ஆய்வாளர்கள் கூறுவர்.

கடைகளில் அதிகம் விற்கும் வண்ணச் சிக்லிட்கள் மலாவி ஏரியைச் சேர்ந்த இனங்கள். மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே சுமார் 580 கிலோமீட்டர் நீளமும், ஏறக்குறைய 700 மீட்டர் ஆழமும் கொண்ட ஏரி அது. பல நூறு சிக்லிட் இனங்கள் அதில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. ஏரியின் தென்பகுதியில் உள்ள தேசியப் பூங்காவை 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அந்த ஏரிக்குள் ஆறுகள் வந்து சேர்கின்றன. வெளியேறுவது ஷிரே என்ற ஒரே ஆறு. ஆற்றில் போவதைவிட வெயிலில் ஆவியாகிப் போகும் தண்ணீரே மிக அதிகம். ஆவி போகும், உப்புகள் தங்கும். ஆகவே அந்தத் தண்ணீர் சற்றுக் காரமானது. அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை. அதைவிட முக்கியம், அது அவ்வளவு பெரிய ஏரி என்பதால் தண்ணீரின் குணம் எளிதில் மாறுவதில்லை. மாறாத தண்ணீரில் பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்த மீனைத்தான் நாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விடுகிறோம்.

நம் தண்ணீர் எப்படி?

மும்பைக்குத் தண்ணீர் தருபவை ஏழு ஏரிகள். 1860-இல் விஹார், 1879-இல் துளசி, 1892-இல் தான்சா என்று தொடங்கி, பிறகு வைதர்ணா, பாத்சா அணைகள் வந்தன. எல்லாம் மழைநீர். சஹ்யாத்ரியின் கரும்பாறை மீது விழுந்து ஓடிவருவதால் சுண்ணாம்புச் சத்து அதிகம் கரைவதில்லை. இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம், சமையலறை போதும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு வேக மறுக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஒட்டும். இங்கே பருப்பு குழைந்துவிடும், சோப்பு நுரைத்துத் தள்ளும். இதுதான் மென்னீர்.

மென்னீர் நமக்கு நல்லது. நீராவி எஞ்சினுக்கும் நல்லது. கொதிகலனில் சுண்ணாம்பு படியாமல் இருக்க, தண்ணீரை மென்மையாக்குவதற்கென்றே அந்தக் காலத்தில் ரயில்வே பெரும்பாடு பட்டது. மலாவி மீனுக்கு நாம் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரான வேலை.

இங்கே இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவு கடினத்தன்மை. பைகார்பனேட்டின் அளவு காரத்தன்மை. மலாவி ஏரியில் கடினத்தன்மை அப்படி ஒன்றும் அதிகமில்லை. அதன் பலம் காரத்தன்மையில் இருக்கிறது. ரயில் பெட்டிகளின் முனையில் பஃபர் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெட்டியும் பெட்டியும் மோதும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது அது. ரசாயனத்திலும் அதே சொல்தான். தண்ணீரில் அமிலம் சேரும்போது அந்த அதிர்ச்சியைப் பைகார்பனேட் தாங்கிக்கொள்கிறது.

தொட்டியில் அமிலம் எங்கிருந்து வருகிறது? மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த மாற்றத்தில் அமிலம் உண்டாகி, காரத்தன்மை செலவாகும். 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரத்தன்மை போய்விடும். மென்னீரில் முதலே குறைவு. எனவே மாதம் செல்லச் செல்ல பி.எச். 7-க்குக் கீழே இறங்குகிறது, பாக்டீரியாவும் சோர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தண்ணீர் பளிங்கு போலத் தெரியும். மீன் மட்டும் ஒவ்வொன்றாகப் போகும்.

சமையல் சோடாவும் எப்சம் உப்பும்

கடைக்காரர்கள் பலர் "கல்லுப்பு போடுங்கள்" என்பார்கள். கல்லுப்பு என்பது சோடியம் குளோரைடு. அது கடினத்தன்மையையும் கூட்டாது, காரத்தன்மையையும் கூட்டாது. இந்த வேலைக்கு அது உதவாது.

தேவையானவை இரண்டு. ஒன்று ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். மற்றது மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட். 100 லிட்டர் மாநகராட்சித் தண்ணீருக்கு ஒவ்வொன்றிலும் 10 கிராம் என்று தொடங்கலாம். 10 கிராம் சோடா காரத்தன்மையை லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தும். சொட்டு மருந்து போட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கிறது. அதில் காரத்தன்மை லிட்டருக்கு 120 மில்லிகிராம் அளவிலும், பி.எச். 7.8-க்கும் 8.4-க்கும் இடையிலும் நின்றால் போதும். குறைந்தால் சோடாவைச் சிறிது கூட்டுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அது கூடாது. துணி துவைக்கும் சோடாவும் கூடாது, அது பி.எச்.-ஐ ஒரேயடியாகத் தூக்கிவிடும். ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியில் ஒரே நாளில் மாற்றாமல், வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தோடு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

கட்டடத்தில் போர்வெல் அல்லது டாங்கர் தண்ணீர் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கலாம். சோதித்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

தொட்டியும் எடையும்

மலாவி மீன்களுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி பொருத்தம். கண்ணாடி 10 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அது நிரம்பி நிற்கும்போது முன்பக்கக் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை சுமார் 125 கிலோ. பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று உயரத்தை 2 அடியாக்கினால் அது 225 கிலோ ஆகிவிடும். நீளம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும், உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆகவே நீளமான, தாழ்ந்த தொட்டியே நல்லது. மீனும் குறுக்கே நீந்துமே தவிர மாடி ஏறாது.

தண்ணீர், கண்ணாடி, கல், மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து சுமார் 350 கிலோ. ஐந்து பெரியவர்கள் 6 சதுர அடியில் இரவும் பகலும் நகராமல் நிற்பதற்குச் சமம். அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் விழுகிறது. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரக் கட்டுப்பாடு சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. அது அறை முழுவதற்கும் பரவலாகக் கொள்ளும் கணக்கு. ஒரு மூலையில் ஒரு தொட்டி நிற்பதால் நல்ல தளம் விழுந்துவிடாது. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உத்தரத்தை ஒட்டியோ, தூணுக்கு அருகிலோ, சுவர் ஓரமாக வையுங்கள். அறையின் நடுவில் வேண்டாம். வெளியே நீட்டிய பால்கனியில் கூடவே கூடாது. மாதுங்காவின் பழைய கட்டடங்களில் கம்பி துருப்பிடித்த தளம் பல உண்டு. கீழ்வீட்டுக் கூரையில் காரை உதிர்ந்திருந்தால் 4 அடித் தொட்டியை மறந்துவிடுங்கள்.

தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மோகோல் விரிக்க வேண்டும். பிளக் இருக்கும் இடத்தைவிட ஒயர் கீழே தொங்கி மேலேறும்படி அமைத்தால், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் சொட்டிவிடும். வீட்டில் ஈ.எல்.சி.பி. அவசியம்.

தாராவியில் ஒற்றை அறையில் வாழும் குடும்பம் என்ன செய்வது? 2 அடித் தொட்டியிலும் சிக்லிட் வளர்க்கலாம். தங்கனிக்கா ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் சின்னஞ்சிறு சிக்லிட்கள் உண்டு. இரண்டு அங்குலம்கூட வளராத அவற்றுக்கு மணலும் பத்துப் பதினைந்து நத்தை ஓடுகளும் போதும். நம் நாட்டு ஆரஞ்சு குரோமைடு என்னும் சிறு சிக்லிட்டும் நல்ல தேர்வு. நான்கு விரல் நீளம்கூட வராது. பெற்றோர் இருவரும் குஞ்சுகளைக் காவல் காக்கும் அழகைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கல், மணல், ஃபில்டர்

மலாவியின் பாறை மீன்களுக்குக் குகைகள் வேண்டும். நம் கருங்கல் தண்ணீரைப் பாதிக்காது, நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். கல்லை முதலில் அடிக்கண்ணாடி மீது தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அடுக்கி, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல் வைத்தால், இந்த மீன்கள் கீழே தோண்டத் தோண்ட கல் சரிந்து கண்ணாடி உடையும்.

பவளப் பாறைத் துண்டு போடச் சொல்வோரும் உண்டு. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். அதற்குப் பதிலாகக் கோழித் தீவனத்துக்கு விற்கும் சிப்பித் தூளையோ சலவைக்கல் சில்லுகளையோ ஒரு வலைப்பையில் போட்டு ஃபில்டரில் வைக்கலாம். பி.எச். இறங்கும்போது இது மெதுவாகக் கரைந்து கைகொடுக்கும். ஆனால் சோடாவுக்கு ஈடாகாது.

ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரை ஐந்தாறு முறை சுற்றிவர வேண்டும். இந்த மீன்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், காரத் தண்ணீரில் அமோனியாவின் விஷம் கூடும். பி.எச். 7-இல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது. 8.2-இல், நம் ஊர் வெப்பத்தில், பத்தில் ஒரு பங்கு விஷமாகும். ஆகவே பாக்டீரியா வளராத புதுத் தொட்டியில் மீன் விடுவது ஆபத்து. நான்கு முதல் ஆறு வாரம் மீனில்லாமல் ஃபில்டரை ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு வாருங்கள். நன்றாக ஓடும் தொட்டி உள்ள நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காலம் குறையும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

எந்த மீன், எத்தனை?

புதியவர்களுக்கு எலுமிச்சை மஞ்சள் நிற லாபிடோக்ரோமிஸ் சிறந்தது. அது சாதுவான மீன். கறுப்பும் பொன்னும் கோடு போட்ட ஆரட்டஸ் பார்க்க அழகு, ஆனால் பெரிய ரவுடி. பாறை மீன்களில் இரண்டு மூன்று இனங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில், மொத்தம் 12 முதல் 15 குஞ்சுகளை ஒரே நேரத்தில் விடுங்கள். நான்கைந்து மட்டும் விட்டால் வலிமையுள்ளது மற்றதை விரட்டியே கொன்றுவிடும். கூட்டம் இருந்தால் கோபம் பலர் மேல் பங்கிடப்படும். நம் லோக்கல் ரயிலில் உட்கார இடம் பிடிப்பதில் சண்டை வரும், கழுத்து நெரியும் கூட்டத்தில் வராதல்லவா, அது போலத்தான்.

வாஸ்துவுக்கென்று விற்கப்படும் ஃபிளவர்ஹார்ன் ஆப்பிரிக்க மீன் அல்ல, மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து மனிதர் உருவாக்கியது. ஆஸ்கார் அமேசான் ஆற்று மீன், அதற்கு மென்னீரே பிடிக்கும். இரண்டையும் மலாவி மீனோடு சேர்க்கக் கூடாது.

பாறை மீன்களுக்கு இயற்கை உணவு கல்லில் படரும் பாசி. எனவே ஸ்பைருலினா கலந்த தீனி நல்லது. வெந்நீரில் வாட்டிய பசலைக்கீரை, தோலுரித்த பட்டாணியும் தின்னும். டியூபிஃபெக்ஸ் புழுவும் மாமிசத் தீனியும் வயிறு உப்பும் நோயில் கொண்டு விடும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்வதை மட்டும் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஏகாதசி விரதம் இருக்கட்டும், மீனுக்கு நல்லது.

வாராந்திரப் பராமரிப்பு

நீராவி எஞ்சினில் புளோ-டவுன் வால்வு என்று ஒன்று உண்டு. கொதிகலனில் ஆவி போகப் போக உப்பு அடர்ந்துகொண்டே வரும், ஆகவே அவ்வப்போது கொஞ்சம் பழைய நீரை வெளியே தள்ள வேண்டும். மீன் தொட்டியும் அப்படியே. இங்கே இரண்டு வேலைகள் உண்டு, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

முதலாவது, ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டுவது. இதற்குச் சாதாரணத் தண்ணீர் போதும், சோடா வேண்டாம். உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. இரண்டாவது, வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுநீர் விடுவது. இந்தப் புதுநீரில் சோடாவும் எப்சமும் கணக்குப்படி கலந்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வருவதால் டிரம்மில் பிடித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். அந்த டிரம்மில் ஓர் இரவு காற்றுக் குழாய் ஓடினால் குளோரின் போய்விடும். அவசரமானால் மீன் கடை ஹைப்போ படிகம் சிறிது கலந்துகொள்ளலாம். ஃபில்டர் ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். எடுத்த தண்ணீரைக் கழிவறைக்குப் பயன்படுத்தினால் வீணாகாது.

சில ஆண்டுகளில் ஜூன் மாதம் ஏரிகள் வற்றித் தண்ணீர் வெட்டு வரும். அப்போது தீனியைப் பாதியாக்கினால் கழிவும் பாதியாகும், தண்ணீர் மாற்றத்தைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

மும்பையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவையில்லை. மே மாத வெப்பம்தான் சோதனை. தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும்போது லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் பிராணவாயு தங்கும், 32 டிகிரியில் 7.3 மட்டுமே. அந்த நாட்களில் மூடியைத் திறந்து வலை போட்டு, மேல்மட்டத்தில் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். 2020 அக்டோபர் 12 அன்று மின்சாரம் போய் லோக்கல் ரயில்களே நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பாட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தாய் வாயில் குஞ்சு

எல்லாம் சரியாக நடந்தால் ஒருநாள் ஒரு பெண் மீன் தீனி தின்னாமல், தாடை உப்பி, ஒதுங்கி நிற்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரம் பட்டினி கிடந்து, நீந்தத் தெரிந்த குஞ்சுகளாக வெளியே விடும். நம் ஜிலேபிக் கெண்டைத் தாயும் இதையே செய்கிறது.

குஞ்சு பெருகினால் நண்பர்களுக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் கொடுங்கள். பவாய் ஏரியிலோ ஊர்க் குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜிலேபிக் கெண்டை வந்து எழுபது ஆண்டுகளுக்குள் எத்தனை குளங்களை ஆக்கிரமித்துக்கொண்டது என்பது ஊருக்குப் போய் வருபவர்களுக்குத் தெரியும். புண்ணியம் என்று நினைத்து விடும் மீன், அங்கே பிறந்து வளர்ந்த கெண்டைக்கும் கெளுத்திக்கும் பாவமாக முடியும்.

பரணில் பழைய தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் அதை இறக்கித் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று ஒரு வாரம் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு பரிசோதனைப் பெட்டியும் கால் கிலோ சமையல் சோடாவும் முதலில் வாங்குங்கள். மீன் வாங்கும் நாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். அதுவரை தொட்டியில் ஏன் மீனே இல்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களை உட்கார வைத்து, தினமும் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீரைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையின் கையில் மீன் பிழைத்துக்கொள்ளும்.